இடது ஓரத்தில் ஒரு குத்து

இருபத்தேழு வருஷம் விண்ணப்பம் போட்டுப்போட்டு, கடைசியில் ஆர்டிஸுக்கு மலையாட்டுக் கிடா வேட்டை அனுமதி விழுந்தது. அவள் முதல் விண்ணப்பம் போட்ட காலத்தில் எனக்குத் தலையில் முடி இருந்தது. எங்கள் மலைகள்கூட இன்னும் கொஞ்சம் குட்டையாக இருந்த ஞாபகம். மொன்டானாவில் அந்தச் சீட்டு குலுக்கலில் விழுவது குதிரைக்குக் கொம்பு முளைக்கிற காரியம். ஒரு கிடா. ஒரு பருவம். பிறகு ஏழு வருஷம் விண்ணப்பமே போடக்கூடாது. ஆர்டிஸுக்கு அறுபத்தொன்பது வயது.

சீட்டு ஜூனில் வந்தது. அதற்கு முந்தைய மே மாதம் அவள் புருஷன் வெர்னுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செத்துப்போயிருந்தது.

எங்கள் சாரல் கிரீக் பக்கத்தில் தோட்டாவைக் கடையில் வாங்குகிறவனைச் சந்தேகமாகத்தான் பார்ப்போம். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அச்சில் கொடுத்து அளவாக்கி, பின்னால் குத்தினால் தீப்பற்றுகிற புதுப் பொட்டு வைத்து, வெடிமருந்து அளந்து போட்டு, மேலே குண்டைச் செருகி அவனவன் வீட்டிலேயே ஏற்றிக்கொள்வான். ஆர்டிஸின் துப்பாக்கி ரகத்துக்கோ கடையில் தோட்டா கிடையாது. நூற்றறுபது மைல் ஓட்டிப் போய்க் கேட்டேன். கடைப்பையன் அப்படி ஒரு ரகம் இருந்ததா என்று அவன் தாத்தாவுக்குப் போன் போட்டான். இன்னொருவரிடம் இரவல் வாங்கலாமே என்றால், அது எங்களிடம் நடக்காது. பிறத்தியார் ஏற்றிய தோட்டாவைச் சுடுவதும் பிறத்தியார் பல்செட்டைப் போட்டுக்கொண்டு சோளம் கடிப்பதும் எங்களுக்கு ஒன்று. மருந்து ஒரு சிட்டிகை கூடினால் முகம் போய்விடும். வீட்டு ஆள் ஏற்றியதை மட்டும்தான் சுடுவோம். செத்தவன் ஏற்றி வைத்த பெட்டிகளைக்கூட அடக்கம் முடிந்ததும் பிரித்துக் கொட்டிவிடுவோம்.

ஆர்டிஸுக்கு நாற்பத்தாறு வருஷமாக ஏற்றிக் கொடுத்தது வெர்ன். இப்போது அவளே ஏற்ற வேண்டும். நவம்பர் கடைசி வரை பருவம் உண்டு என்றாலும் கணவாயில் பனி அடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. முப்பத்தொரு வருஷம் அந்தப் பாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் நான். என் இடது முழங்கால் சொன்ன கணக்குப்படி பதினைந்து நாள் இருந்தது. அதனால்தான் அக்டோபர் நடுவில் ஒரு காலை என்னைக் கூப்பிட்டாள்.

"கிளைட், நீ வந்து பக்கத்துல நில்லு போதும். கையை வைக்காதே. நான் ஏத்துனாதான் எனக்கு ஏத்துனது."

தோட்டா ஏற்றுகிற பிரஸ் இருந்தது நிலவறையில். வெர்னால் படி இறங்க முடியாது. சமையலறையில் நிலவறைக் கதவைத் திறந்து வைத்து, வாசலில் நாற்காலி போட்டு, மேலிருந்து கத்தினான். வாய் ஒரு பக்கம் இறங்கிச் சொற்கள் ஈரமாக விழுந்தன. வசவு மட்டும் பழைய தெளிவோடு வந்தது.

பிரஸ் பழைய வார்ப்பிரும்பு. நெம்புகோலை அழுத்தினால் கூடு கீழிருந்து ஏறி மேலே திருகியிருக்கிற அச்சுக்குள் போகும். அதை மேஜையில் முறுக்கி நிறுத்தவே முற்பகல் ஆயிற்று. முதல் கூட்டை வைத்து ஆர்டிஸ் அழுத்தினாள். போனது. திரும்பி வரவில்லை. நான் தொங்கினேன். இருவருமாகத் தொங்கினோம். அன்று நாங்கள் இழுத்த இழுப்பில் வீடு அஸ்திவாரத்தோடு இரண்டு அங்குலம் நகர்ந்தது, அளந்து பார்க்கலாம்.

"அங்க என்ன சத்தம்?" மேலிருந்து வெர்ன்.

"ஒண்ணுமில்லப்பா, பிரஸ்ஸு கொட்டாவி விட்டுச்சு," என்றேன்.

"கூட்டுக்கு எண்ணெய் தடவுனீங்களா?"

ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"தடவாம விட்டுட்டீங்களா! ஒரு கழுதைக்கு ரெண்டு கழுதையா சேந்துக்கிட்டு… கூட்டு அடியில துளை போட்டு, மரை போட்டு, திருகாணி வச்சு இழு. எண்ணெய்க் கையோட மருந்துப் பக்கம் போயிடாத."

மாலை நாலு மணிக்குக் கூடு வெளியே வந்தது, வயதுக்கு வந்த பிள்ளையின் கடைவாய்ப்பல் மாதிரி. எல்க் மான் கறிக் குழம்பும் ரொட்டியும் போட்டாள். வெர்ன் இடது கையால் கரண்டி பிடித்தான். குழம்பு மோவாயில் வழிந்தது. ஆர்டிஸ் துடைக்கப் போனாள், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த மேஜைக்கு நாலு நாற்காலி. ஒன்றில் வெர்ன், ஒன்றில் ஆர்டிஸ், ஒன்றில் நான். நாலாவதில் பழைய செய்தித்தாள் கட்டு. அது அவர்கள் மகள் ரோண்டாவின் இடம். அந்தப் பெயரை அந்த வீட்டில் சொல்லிப் பதினோரு வருஷம். ரோண்டா வேட்டைக் காவலர் வேலைக்குப் போனவள், அடுத்த மாவட்டத்தில். வெர்னின் தம்பி ஹார்லன் அனுமதி இல்லாமல் எல்க் அடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது மறித்தது அவள். சித்தப்பா என்று விடவில்லை. துப்பாக்கியும் உரிமமும் போய், அந்தக் குளிர்காலமே ஹார்லன் மார்பு அடைத்துச் செத்தான். அடக்கம் முடிந்து வந்து வெர்ன் இதே மேஜையில் சொன்னான்: "இனிமே அவ இந்த வீட்டு ஆளு இல்ல. நீயும் பேசக்கூடாது." ஆர்டிஸ் பேசவில்லை.

இரண்டாம் நாள் தராசு பைத்தியம் பிடித்து ஆடியது. ஒரே மருந்தை மூன்று முறை வைத்தால் மூன்று எடை. தராசைத் திட்டினோம், துடைத்தோம், சமம் பார்த்தோம். நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு காற்று ஊத ஆரம்பிக்கும்போதெல்லாம் முள் ஆடுகிறது என்று கண்டுபிடித்தது ஆர்டிஸ்தான். அடுப்பை அணைத்துவிட்டுக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்தாள். நிலவறை அப்படிக் குளிர்ந்தது, நான் பேசின வார்த்தைகள் தரையில் விழுந்து உடைந்தன.

"வெர்ன், அச்சுல ரெண்டு கோடு இருக்கே," என்று மேலே பார்த்துக் கத்தினேன். "ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. எதுக்கு வைக்கணும்?"

அச்சை எவ்வளவு ஆழம் திருகுவது என்பதற்கான குறி அது. ஆழம் கூடினால் கூடு அதிகம் அமுங்கும்.

மேலே நாற்காலி ஒரு தரம் நகர்ந்தது.

"சிவப்புக்கு வை," என்றான். "வெள்ளை பழசு."

"சிவப்பு என்ன, நகச்சாயம் மாதிரி மினுங்குது?"

"பெயின்ட்டுடா. வேலையைப் பாரு."

மேஜைமேல் ஒரு பையில் சுட்ட கூடுகள் தயாராக இருந்தன. அதிலிருந்து இருபது எடுத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாக ஆர்டிஸ் ஏற்றினாள். மருந்தை ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை நிறுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு குண்டைச் செருகினாள். மூன்றாம் நாள் மத்தியானம் இருபதும் மரப்பெட்டியில் நின்றன, தேவாலயத்தில் முதல் நன்மை வாங்க வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி.

"ஏத்தியாச்சு வெர்ன்!" அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் கேட்டு வெகுநாள். "ஒவ்வொண்ணும் உன்னுது மாதிரியே இருக்கு."

"ம்," என்றான் மேலே. "பத்திரமா வை."

மருந்து இருக்கிற அறைக்குள் துப்பாக்கி வரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் முதல் கூட்டையே துப்பாக்கியில் போட்டுப் பார்க்காமல் விட்டோம். அது என் தப்பு. வேலி ஓரம் போய் நின்று, ஆர்டிஸ் முதல் தோட்டாவை வைத்துத் துப்பாக்கித் தாழைத் தள்ளினாள். மூடவில்லை. இரண்டாவது, மூன்றாவது, இருபதாவது. ஒன்றும் உள்ளே முழுசாகப் போகவில்லை. காற்று வடக்கிலிருந்து அடித்தது. அவள் காதுமடல் சிவந்திருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன் கிளைட்?"

மறுபடி கீழே போனோம். நெம்புகோல் சரி, நீளம் சரி, குண்டின் ஆழம் சரி. போன வருஷம் அவளே சுட்ட ஒரு வெறுங்கூடு அவள் வேட்டைக் கோட்டுப் பையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்த் துப்பாக்கியில் விட்டேன். வெண்ணெயில் கத்தி போனதுபோலப் போனது. பையில் மிச்சமிருந்த கூடு ஒன்றை விட்டேன், இடித்து நின்றது.

"ஆர்டிஸ், இந்தப் பையில இருக்கற கூடு உன் துப்பாக்கியில வெடிச்சதில்ல. இது வேற துப்பாக்கி. அதுல தோட்டா உக்கார்ற எடம் உன்னுதைவிடக் கொஞ்சம் நீளம். சிவப்புக் கோடு அந்தத் துப்பாக்கிக்கு வச்ச குறி."

"இந்த ரகத்துல இந்தப் பக்கம் வேற யார் வச்சிருக்கா?"

நான் கூட்டைத் திருப்பி அவளிடம் கொடுத்தேன். சுட்ட கூட்டின் பின்னால் பொட்டில் துப்பாக்கியின் ஊசி குத்திய தழும்பு இருக்கும். அவள் துப்பாக்கி நட்ட நடுவில் குத்தும். இது இடது ஓரத்தில் குத்தியிருந்தது.

ஆர்டிஸ் அதைக் கட்டைவிரலால் தடவினாள். பிரஸ்ஸுக்கு அடியில் ஒரு பெரிய காபி டின் உண்டு. அச்சில் கழன்று விழுகிற பழைய பொட்டுகள் அதில் சேரும். அதைத் தூக்கிக்கொண்டு படி ஏறிப்போய்ச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்தாள்.

கரண்டிக் காம்பால் பிரித்தாள். நடுவில் குத்தியது ஒரு பக்கம், இடது ஓரத்தில் குத்தியது ஒரு பக்கம். வெர்ன் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் கதவோரம் நின்றேன். போய்விடுவதுதான் மரியாதை, கால் நகரவில்லை. கடைசியில் நடுக்குத்து ஒரு குவியல் இருந்தது. இடதுகுத்து அதைப்போல மூன்று மடங்கு இருந்தது. இதில் நான் ஒரு பொட்டுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

"இது என் துப்பாக்கி," என்றாள் ஆர்டிஸ், சின்னக் குவியலைத் தொட்டு. "இது உங்கப்பா ரோண்டாவுக்குப் பன்னெண்டு வயசுல குடுத்த துப்பாக்கி. இடது பக்கம் ஒதுங்கிக் குத்தும்னு அப்பவே சிரிப்போம். அவ எடுத்துக்கிட்டுப் போயிப் பதினோரு வருஷம். இது எப்படி இங்க வந்துச்சு வெர்ன்?"

அந்தப் பெயர் அந்தச் சமையலறையில் விழுந்ததும் அடுப்பில் இருந்த கெட்டில்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"சிவப்புக் கோடு அவ போட்டதா?"

"…ஆமா. அவ நகச்சாயம்."

"எப்பலேருந்து?"

"மறு வருஷத்துலேருந்து. மான் சீசன் தொறக்கறதுக்கு முந்துன வியாழக்கிழமை. ஆத்துல மீன்பிடிக்கிற எடத்துல. ரெண்டு மணிக்கு." சொற்கள் ஒவ்வொன்றாக வழிந்தன. "இருபது குடுப்பேன். வெறுங்கூடு திருப்பிக் குடுப்பா. அவ்வளவுதான். பெருசா பேச்சுகூட இல்ல. அரைமணி."

"பத்து வருஷம். பத்து அரைமணி. அஞ்சு மணி நேரம் என் பொண்ணு கூட உக்காந்திருக்க."

"ஆர்டிஸ்…"

"அவ பொறந்த நாளுக்கு வருஷா வருஷம் கேக்கு சுட்டுப் பன்னிக்குப் போட்டேன் வெர்ன். நீ பாத்துக்கிட்டே இருந்த. ஒரு வருஷம், பன்னி குண்டாகுதுன்னு சொன்ன."

வெர்னின் நல்ல கை மேஜையில் தட்டியது. பொட்டுகள் துள்ளின. "நாப்பத்தாறு வருஷமா நான் சொன்னதுல எதையாவது நீ கேட்டிருக்கியா? நாய் வேணாம்னேன், மூணு வளத்த. பச்சை பெயின்ட் வேணாம்னேன், வீட்டையே தவளையாட்டம் அடிச்சு வச்ச. இத ஒண்ணப் போய்க் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பன்னு நான் கண்டேனா? ஒரு வாரத்துல நீ அவளுக்குப் போன் போடுவ, சண்ட போட்டுட்டு விட்டுரலாம்னு பாத்தேன். நீ போடல. ஒரு மாசம் ஆச்சு, போடல. பொறவு நான் எப்படிச் சொல்ல?"

"நான் பேசுனா உன் நெஞ்சு வெடிச்சுரும்னு நெனச்சேன்."

"நீ பேசலன்னதும் உன் நெஞ்சு கல்லுன்னு நான் நெனச்சேன்."

சிரிக்க வேண்டிய இடம்தான். யாருக்கும் வரவில்லை.

பிறகு ஆர்டிஸ் கேட்டாள்: "கீழ இருக்கற இருபதும் அவளுக்கா?"

"நாளைக்கி வியாழன்," என்றான்.

"என் ஆட்டுக்குன்னு சொல்லி, என் கையால…"

"என் கை செத்துப்போச்சு, ஆர்டிஸ். வேற யார் கையால ஏத்துவேன்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆத்தங்கரையில வெர்ன் வண்டியைப் பாத்து நீ காபிக் கடையில ஒரு கத சொன்ன. முடி வெட்டற பொம்பள, மஞ்ச நாய் வச்சிருக்கறவ, அவளோட இவருக்குத் தொடுப்புன்னு."

என் காது எரிந்தது. சொன்னேன்தான். அந்தப் பெண்பிள்ளைக்கு ஒரு பெயர்கூட வைத்து, இரண்டு தடவை விவாகரத்தும் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"அதுவும் என் காதுக்கு வந்துச்சு கிளைட். அதையும் முழுங்கிக்கிட்டுத்தான் இந்த ஆளுக்குச் சோறு போட்டேன். நாளைக்கி நீ போ. அவ என்னைப் பாத்தா வண்டியைத் திருப்பிடுவா. நீ எனக்குப் பட்ட கடன் இது."

தோட்டாப் பெட்டிக்குள் ஒரு சீட்டு வைப்பது எங்கள் வழக்கம்: தேதி, எந்தத் துப்பாக்கிக்கு, யார் ஏற்றியது. ஆர்டிஸ் மூன்று சீட்டு எழுதிக் கிழித்தாள். நாலாவதில், 'ரோண்டாவின் துப்பாக்கிக்கு. ஏற்றியது: அம்மா' என்று எழுதிப் பெட்டியில் வைத்து மூடினாள்.

வியாழக்கிழமை ஆற்றங்கரையில் காவல் வண்டி எனக்கு முன்பே நின்றது. ரோண்டாவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீருடை, காதோரம் நரை. நகத்தில் சாயம் இல்லை. என் வண்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அப்பா செத்துட்டாரா கிளைட் மாமா?"

"சாகறதா! காலையில என்னை நாப்பது வசவு வஞ்சாரு. படி எறங்க முடியல, அவ்வளவுதான்."

மூச்சு விட்டாள். நான் பெட்டியை நீட்டினேன். முதலில் ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள். "யாரு ஏத்துனது? அப்பா கை ஆகாதுன்னு கேள்விப்பட்டேனே." அப்புறம் சீட்டைப் பார்த்தாள். ஆற்றில் ஒரு கட்டை மிதந்து வந்து, பாறையில் முட்டி, விலகிப் போகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். பதினோரு வருஷத்துல ஒரு போன் இல்ல. அம்மா இத எனக்குன்னு தெரிஞ்சு ஏத்துனாங்களா, தெரியாம ஏத்துனாங்களா?"

என் ஆயுசில் நான் பிடித்த மீன்களை எடை போட்டால் ஆறு வற்றிப்போகும். அடிக்காத பனிப்புயல்களில் வண்டி ஓட்டியிருக்கிறேன். இல்லாத பெண்பிள்ளைக்கு நாய் வாங்கிக் கொடுத்தவன். அன்றைக்குப் பார்த்து, அந்தச் சீருடையைப் பார்த்தோ, அந்தக் கண்ணைப் பார்த்தோ, வாயில் உண்மை வந்துவிட்டது.

"ஏத்தறப்போ தெரியாது. தன் ஆட்டுக்குன்னுதான் ஏத்துனா. தெரிஞ்சப்புறம் சீட்டு எழுதுனா."

ரோண்டா தோட்டாவைப் பெட்டியில் அதன் இடத்திலேயே வைத்தாள். சீட்டை மடித்து மேலே வைத்து மூடி, என் கையில் கொடுத்தாள்.

"வீட்டு ஆளுங்க எனக்குன்னு ஏத்துனதத் தவிர வேற நான் சுடறதில்ல. அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு."

"ரோண்டா, அவ மூணு சீட்டு கிழிச்சா…"

"சரி மாமா." தன் வண்டியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தாள். போன வருஷத்து வெறுங்கூடுகள். கொடுப்பதா வேண்டாமா என்று கையில் வைத்திருந்துவிட்டு என் வண்டி இருக்கையில் போட்டாள். "அப்பா நல்லா தூங்கறாரா? சாப்பிடறாரா?"

சொன்னேன். அம்மாவைப் பற்றிக் கேட்பாள் என்று, இன்ஜினைக் கிளப்பிய பிறகும் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தேன். பனி பொட்டுப்பொட்டாக விழ ஆரம்பித்தது.

ஆர்டிஸ் வராந்தாவில் நின்றிருந்தாள். நல்ல நீலச் சட்டை போட்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் கை நீட்டி வாங்கித் திறந்தாள். இருபதும் இருந்தன. சீட்டும் இருந்தது.

"என்ன கேட்டா?"

"தெரிஞ்சு ஏத்துனியா, தெரியாமயான்னு."

"நீ என்ன சொன்ன?"

சொன்னேன்.

ஆர்டிஸ் பெட்டியை மூடினாள். "உலகத்துக்கெல்லாம் பொய் சொல்லுவியே கிளைட்," என்றாள் மெதுவாக. "எனக்கு ஒண்ணு சொல்ல முடியலையா?"

கீழே இறங்கினாள். நான் பின்னால் போனேன். திரும்பி வந்த தோட்டாவைப் பிரித்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு சுத்தியல் உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவை வைத்துக் கட்டையில் அடித்தால் குண்டு கழன்று விழும். ஒவ்வொன்றாக அடித்தாள். இருபது. வீடு முழுக்க அதிர்ந்தது. மருந்தைத் தட்டில் கொட்டினாள். பிறகு அச்சைத் திருகி வெள்ளைக் கோட்டுக்கு இறக்கினாள். அலமாரியில் தேடி, நடுவில் குத்தியிருந்த தன் பழைய கூடுகளைப் பொறுக்கி எடுத்து, எண்ணெய் தடவி, அளவாக்கின முதல் கூட்டை இந்தத் தடவை வெளியே கொண்டுபோய்த் துப்பாக்கியில் விட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். மூடியது. ரோண்டா கொடுத்த பையை அவிழ்க்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

"சனிக்கிழமை மலை ஏறறேன்," என்றாள். "தனியாத்தான்."

மேலே நாற்காலி கிறீச்சிட்டது. அடித்த சத்தம் எல்லாம் எதற்கென்று வெர்னுக்குத் தெரியும். அவன் கேட்டது வேறு.

"கிளைட்… அவ எப்படி இருக்கா? மெலிஞ்சிருக்காளா?"

நான் வாயைத் திறந்தேன். ஆர்டிஸ் தராசிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சொல்லாதே," என்றாள். "பதினோரு வருஷம் கழிச்சுச் சொல்லலாம்."

"கிளைட்?" என்றான் மேலே. "காதுல விழலையா?"

தராசின் முள் ஆடாமல் நின்றது. ஆர்டிஸ் அடுப்பை ஏற்கெனவே அணைத்திருந்தாள்.